குழந்தை ஒரு வரிசை, அம்மா வேறு வரிசை: விமானத்தில் சேர்ந்து உட்கார தனியாகப் பணம் கட்டணுமா?

பள்ளி லீவுக்கு டெல்லி போகலாம் என்று முடிவு செய்து, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போனில் டிக்கெட் போட உட்காருகிறீர்கள். கட்டணம் பார்த்தாச்சு. நாலு பேரின் பெயர், வயது எல்லாம் போட்டாச்சு. அடுத்து பணம் கட்டும் பக்கம் வரும் என்று பார்த்தால், அதற்கு முன்னால் விமானத்தின் படம் ஒன்று விரிகிறது. கட்டம் கட்டமாக சீட்டுகள். கலர் கலராக விலை. ஜன்னல் ஓரம் ஒரு விலை, முன்வரிசை ஒரு விலை, கால் நீட்டும் இடம் இருந்தால் அதற்கு வேறு விலை.

"இதை விட்டுட்டா குழந்தையை எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்களோ?" என்ற பயம் வருவது அந்த இடத்தில்தான். பெரும்பாலானவர்கள் அந்தப் பயத்திலேயே நாலு சீட்டுக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள்.

கட்ட வேண்டியது அவசியமா? குழந்தையைப் பொறுத்தவரை, இந்தியாவில் அவசியம் இல்லை. ஆனால் அந்த 'இல்லை'க்குள் சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. அது தெரியாமல் 'ஸ்கிப்' அழுத்தினால் விமான நிலையத்தில் சங்கடம். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

சீட்டுக்குக் காசு எப்போதிலிருந்து?

டிக்கெட் வாங்கினாலே சீட் உண்டு, சாப்பாடு உண்டு, பெட்டி உண்டு என்று இருந்த காலம் ஒன்று இருந்தது. 2013-ல் மத்திய அரசு அந்த மூட்டையைப் பிரிக்க அனுமதித்தது. விருப்பமான சீட், சாப்பாடு, செக்-இன் லக்கேஜ், லவுஞ்ச், விளையாட்டுக் கருவிகள், இசைக் கருவிகள், விலையுயர்ந்த லக்கேஜுக்கான சிறப்பு அறிவிப்பு என்று சில சேவைகளுக்கு மட்டும் விமான நிறுவனங்கள் தனியாக வசூலிக்கலாம் என்றார்கள். குடிதண்ணீருக்கு மட்டும் காசு கேட்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் நம் விஷயத்துக்கு முக்கியமானது முதல் சொல்: 'விருப்பமான' சீட். அதாவது, எனக்கு ஜன்னல் ஓரம்தான் வேணும், முன்னாடிதான் வேணும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால் அதற்குக் கட்டணம். ஏதோ ஒரு சீட்டில் உட்காருவதற்கே கட்டணம் என்று அர்த்தம் இல்லை. டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் ஒரு சீட் கொடுத்தே ஆக வேண்டும்.

2018 நவம்பரில் இந்தக் கோடு கொஞ்சம் அழிந்த மாதிரி ஆனது. வெப் செக்-இன் செய்தால் எல்லா சீட்டுக்குமே கட்டணம், இலவசம் வேண்டும் என்றால் விமான நிலையத்துக்கு வந்து செக்-இன் செய்துகொள்ளலாம் என்று இண்டிகோ அறிவித்தது. சமூக வலைதளங்களில் பயணிகள் பொங்கிவிட்டார்கள். இது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் வருகிறதா என்று பரிசீலிப்பதாக விமானப் போக்குவரத்து அமைச்சகமே சொல்ல வேண்டி வந்தது. அதோடு புகார்கள் நின்றுவிடவில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விமான நிறுவனங்களை அழைத்துப் பேசியபோதும், இலவச வெப் செக்-இன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் எல்லா சீட்டுக்கும் விலை இருக்கிறதே என்ற கேள்விதான் முக்கியமாக எழுந்தது.

குழந்தைக்கு என்ன விதி?

2024 ஏப்ரலில் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், எல்லா நிறுவனங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே பிஎன்ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் குறைந்தது ஒருவருடன் சீட் ஒதுக்குவதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். அப்படி ஒதுக்கியதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்து உட்கார வைக்கப்பட்ட சம்பவங்கள் தங்கள் கவனத்துக்கு வந்ததால்தான் இந்த உத்தரவு என்று டிஜிசிஏ அப்போது தெரிவித்தது.

இந்த மாதிரி சீட், சாப்பாடு, லக்கேஜ் போன்ற தனிக் கட்டணச் சேவைகள் எல்லாமே பயணி 'வேணும்' என்று கேட்டால்தான் சேர்க்கப்பட வேண்டும், கட்டாயம் ஆக்கக் கூடாது என்பதும் டிஜிசிஏ சுற்றறிக்கையில் இருக்கிறது. சீட் தேர்வு செய்யாதவர்களுக்கு விமானம் கிளம்புவதற்கு முன் கணினியே சீட் ஒதுக்கித் தரும் ஏற்பாடும் உண்டு.

ஆகவே 6 வயது மகளோடு அம்மா பயணம் செய்கிறார், இருவரும் ஒரே பிஎன்ஆர் என்றால், ஒரு பைசா சீட் கட்டணம் கட்டாவிட்டாலும் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. "நீங்க சீட் வாங்கல மேடம்" என்று கவுன்டரில் சொன்னால், அது பதில் ஆகாது.

விதி எங்கே நின்றுவிடுகிறது?

உத்தரவின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்தால் ஓட்டைகள் தெரியும்.

'குறைந்தது ஒருவருடன்' என்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பக்கத்தில் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டு, அப்பாவை 28-வது வரிசைக்கு அனுப்பினால் விதி மீறப்படவில்லை. குடும்பம் முழுக்க சேர்ந்து உட்காரும் உரிமை இதில் கிடையாது. ஜன்னல் சீட் வேணும் என்று பையன் அடம் பிடித்தால் அதற்கும் இதில் இடம் இல்லை.

'ஒரே பிஎன்ஆர்' என்கிறது. நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். அப்பாவுக்கு ஆபீஸில் டிக்கெட் போட்டுத் தருவார்கள், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தனியாக வாங்குவோம். அல்லது ஒரு கார்டில் தள்ளுபடி கிடைக்கிறது என்று இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்குவோம். கணினியைப் பொறுத்தவரை பிஎன்ஆர் வேறு என்றால் ஆளே வேறு. அப்பாவோடு பிள்ளை ஒரு பிஎன்ஆரில் இருந்து, அம்மா வேறு பிஎன்ஆரில் இருந்தால், அம்மா மடியை விட்டு இறங்காத பிள்ளையாக இருந்தாலும் விதி அப்பாவைத்தான் காட்டும்.

'12 வயது வரை' என்கிறது. ஆனால் முன்பதிவுப் பக்கங்களில் குழந்தை என்றால் பொதுவாக 2 வயது முதல் 12 வயது நிறைவடையாதவர் வரை. 12 முடிந்துவிட்டால் அங்கே 'பெரியவர்'. ஏழாம் வகுப்புப் பையன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு. பாட்டி இதில் இல்லை. முதல் முறை விமானம் ஏறும் 70 வயது பாட்டி, தமிழ் தவிர வேறு மொழி பேசாதவர், சீட் பெல்ட் எப்படிப் போடுவது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக்கூடத் தயங்குபவர். அவரை மகளிடமிருந்து பத்து வரிசை தள்ளி உட்கார வைத்தால் இந்த உத்தரவு எதுவும் செய்யாது. நம் ஊரிலிருந்து கிளம்பும் குடும்பங்களில் பிள்ளையை விட பாட்டியை நினைத்துத்தான் பல பேர் சீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

விமானம் காலியாகத்தானே இருக்கு, ஏன் பிரிக்கிறாங்க?

செக்-இன் செய்யும்போது படத்தில் நிறைய சீட் காலியாக இருக்கும். ஆனாலும் சேர்ந்த சீட் இல்லை என்பார்கள். பொய் சொல்கிறார்களோ என்று தோன்றும். எப்போதும் பொய் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 186 சீட் கொண்ட வகையை எடுத்துக்கொள்வோம். 31 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அதாவது மூன்று மூன்றாக 62 தொகுப்புகள். தனியாகப் பயணம் செய்பவர்கள் எல்லாம் ஜன்னல் ஓரத்தையும் நடைபாதை ஓரத்தையும் எடுப்பார்கள். நடு சீட்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் இப்படி இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் 124 சீட் நிரம்பிவிட்டது. மிச்சம் 62 சீட். விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட் என்று ஒன்றுகூட இல்லை! எல்லாமே தனித்தனி நடு சீட்.

சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் சிறிய ஏடிஆர் விமானத்தில் இது இன்னும் மோசம். அங்கே நடைபாதைக்கு இரு பக்கமும் இரண்டு இரண்டு சீட்தான். 78 சீட் என்றால் 39 ஜோடி. தனியாக வரும் 39 பேர் ஆளுக்கொரு ஜன்னல் எடுத்தால் போதும், பாதி விமானம் காலியாக இருந்தும் ஒரு ஜோடி சீட்டும் மிஞ்சாது.

இதோடு நிறுவனத்தின் வியாபாரக் கணக்கும் சேரும். ஜன்னலும் நடைபாதை ஓரமும் விற்கக்கூடிய சரக்கு. பணம் கட்டாதவருக்கு அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிறகு வருபவருக்கு விற்க முடியாது. அதனால் தானாக ஒதுக்கும்போது நடு சீட்டுகளும் பின்வரிசைகளும் முதலில் போகும். 2017-ல் பிபிசியின் வாட்ச்டாக் நிகழ்ச்சி இதைச் சோதித்துப் பார்த்தது. நான்கு நான்கு பேராக நான்கு ரையன்ஏர் விமானங்களில் அனுப்பினார்கள், யாரும் சீட்டுக்குப் பணம் கட்டவில்லை. எல்லாருக்கும் கிடைத்தது நடு சீட். நிறுவனமோ, ஒதுக்கீடு தற்செயலாகத்தான் நடக்கிறது, ஜன்னலும் நடைபாதை ஓரமும் பணம் கட்டுபவர்களுக்காக வைக்கப்படுகின்றன என்று பதில் சொன்னது. அந்தப் பதிலிலேயே விஷயம் இருக்கிறது!

குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இரண்டு மணி நேரம்தானே, பிள்ளை ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டு வரப்போகிறது என்று நினைக்கலாம். பிரச்னை இல்லாத பயணத்தில் அது உண்மைதான்.

விமானம் கிளம்பும் முன் பணிப்பெண் செய்து காட்டும் விளக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து ஆக்சிஜன் மாஸ்க் விழும், முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு பிறகு குழந்தைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வாக்கியம் அது. 5 வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில் இருந்தால் அந்த மாஸ்க்கை யார் போட்டுவிடுவது?

அவசரமாக வெளியேற வேண்டிய சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரு விமான ரகத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி எல்லாப் பயணிகளும் 90 விநாடிக்குள் வெளியேற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நிஜத்தில் புகை சூழ்ந்த விமானத்தில், 24-வது வரிசையில் இருக்கும் தாய் வாசலை நோக்கி ஓடுவாரா? 7-வது வரிசையில் இருக்கும் பிள்ளையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராகத்தான் போவார். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வார். அவர் பிள்ளைக்கு மட்டும் இல்லை, அந்த நடைபாதையில் நிற்கும் எல்லாருக்கும் அது ஆபத்து.

இதனால்தான் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம், சிறு பிள்ளைகள் பெரியவர்களோடு ஒரே வரிசையில் இருப்பதே நல்லது, முடியாவிட்டால் ஒரு வரிசை அல்லது ஒரு நடைபாதைக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று வழிகாட்டுகிறது. கனடா இன்னும் தெளிவாக, வயது வாரியாகவே 2019 டிசம்பரில் விதி கொண்டுவந்துவிட்டது. 5 வயதுக்குக் கீழே என்றால் ஒட்டிய சீட். 5 முதல் 11 வரை என்றால் அதே வரிசையில், நடுவில் ஒரு சீட்டுக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. எதற்கும் கூடுதல் கட்டணம் கிடையாது. நம் உத்தரவில் இல்லாத அந்த 13 வயதும் அங்கே கணக்கில் வருகிறது, கவனியுங்கள்.

ஸ்பெயின் அபராதமே போட்டது. கைப்பெட்டிக்குக் கட்டணம், பிள்ளைகளோ பிறர் உதவி தேவைப்படுபவர்களோ கூட வருபவர் பக்கத்தில் உட்காரக் கட்டணம் போன்றவற்றுக்காக 2024 நவம்பரில் ஐந்து பட்ஜெட் நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ. அமெரிக்காவில் 13 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024 ஆகஸ்டில் முன்மொழிந்தது.

சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு சண்டையா?

அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு தொகை இருக்கிறது. ஐந்து அமெரிக்க நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணம் மூலமாக மட்டும் ஈட்டியது 12.4 பில்லியன் டாலர். ரூபாயில் ஒரு லட்சம் கோடியைத் தொடும் தொகை. வெறும் சீட்டுக்கு.

விமான நிறுவனங்களின் தரப்பும் ஒன்று உண்டு. நாம் டிக்கெட் தேடும்போது குறைந்த விலை மேலே வரும்படிதான் பார்க்கிறோம். 100 ரூபாய் அதிகம் என்றாலும் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுகிறோம். அதனால் அடிப்படைக் கட்டணத்தை இறக்கிக் காட்டிவிட்டு, மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாக வசூலிக்கிறார்கள். எங்கே உட்கார்ந்தாலும் சரி என்று தனியாகப் பயணம் செய்பவருக்கு இதனால் லாபம்தான். அவர் ஜன்னலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கால் நீட்டி உட்கார ஆசைப்படுவது விருப்பம். 4 வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது விருப்பம் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து விலை போடுவதுதான் பிரச்னை.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். சீட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்குப் போக 1200, வர 1200, மொத்தம் 2400. நேரடி விமானம் இல்லாமல் நடுவில் ஒரு ஊரில் மாறிப் போக வேண்டியிருந்தால், சீட் கட்டணம் பொதுவாக ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி. அப்போது 16 சீட்டுக்குக் கட்ட வேண்டும், 4800 ரூபாய். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சென்னையில் மாறி வடக்கே போகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

சரி, டிக்கெட் போடும்போது என்ன செய்யணும்?

முதல் வேலை, பிள்ளையும் கூட உட்காரும் பெரியவரும் ஒரே பிஎன்ஆரில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. தள்ளுபடிக்காகப் பிரித்து வாங்குவதாக இருந்தால்கூட, பெரியவர்களைப் பிரியுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்தது, பிள்ளையை 'குழந்தை' என்றே பதிவு செய்வது. இது சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் உள்நாட்டு விமானங்களில் பிள்ளைக்கும் பெரியவருக்கும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவசரத்தில் "நாலு அடல்ட்" என்று போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் இதைச் சரிபாருங்கள். நாலு பெரியவர்கள் என்று பதிவாகியிருந்தால், உங்கள் 6 வயது மகள் கணினிக்கு ஒரு பெரிய ஆள். அவரை எங்கே வேண்டுமானாலும் ஒதுக்கும்.

சீட் படம் வரும்போது 'ஸ்கிப்', 'பிறகு தேர்வு செய்கிறேன்' என்ற மாதிரி ஒரு வழி எங்கேயாவது இருக்கும். சின்ன எழுத்தில், மங்கலான கலரில், கீழே தள்ளி இருக்கலாம். சில தளங்களில் நாம் தொடாமலே ஏதோ ஒரு சீட்டைத் தேர்வு செய்து மொத்தத் தொகையில் சேர்த்திருப்பார்கள். பணம் கட்டும் முன் தொகையை விரித்துப் பாருங்கள். நாம் கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கும்படி வாசகம் போடுவது ஆகியவை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலில் உள்ளன.

வெப் செக்-இன் உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். திறந்ததும் செய்துவிடுவது நல்லது. மேலே போட்ட கணக்குதான் காரணம். நேரம் ஆக ஆக சேர்ந்த சீட்டுகள் உடைந்து ஒற்றை நடு சீட்டாகிவிடும். போர்டிங் பாஸில் பிள்ளை தனியாக விழுந்திருந்தால், அப்படியே விட்டுவிட்டு விமானத்துக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, டிஜிசிஏ உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். மாற்றித் தராவிட்டால் விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய் கவுன்டரில் கேளுங்கள். அங்கேயும் முடியாவிட்டால் கேட். இந்த மூன்று இடத்திலும் கணினியில் சீட்டை மாற்ற வழி உண்டு.

விமானத்துக்குள் போய்க் கேட்பதுதான் கடைசி வழி, அதுதான் மோசமான வழியும். ஏனென்றால் அங்கே நீங்கள் கேட்பது நிறுவனத்திடம் இல்லை, பக்கத்து சீட்காரரிடம். அவர் அந்த ஜன்னலுக்கு 400 ரூபாய் கொடுத்திருக்கலாம். "குழந்தைக்காகக் கொஞ்சம் மாறிக்குங்க சார்" என்று கேட்டு அவர் மறுத்தால், விமானமே அவரை முறைத்துப் பார்க்கும். நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பயணி தலையில் கட்டுவது அது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அவரை நடு சீட்டுக்கு அனுப்பாமல், ஜன்னலுக்கு ஜன்னல், நடைபாதைக்கு நடைபாதை என்று அதே மாதிரி சீட்டைக் கொடுத்துக் கேட்பதுதான் முறை. சிறிய ஏடிஆர் விமானங்களில் எடைச் சமநிலைக்காக, பணியாளர்களைக் கேட்காமல் இடம் மாறவே விடமாட்டார்கள். அவசரகால வாசல் வரிசையில் பிள்ளைகளை உட்கார வைக்கவே முடியாது, எவ்வளவு காலியாக இருந்தாலும்.

கைக்குழந்தை இருந்தால் இன்னொரு சிக்கல். மடியில் உட்காரும் 2 வயதுக்குக் கீழான குழந்தைக்கும் ஒரு ஆக்சிஜன் மாஸ்க் வேண்டும். மூன்று சீட்டுக்கு மேலே கூடுதலாக இருப்பது பொதுவாக ஒன்றுதான். அதனால் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ஒரே தொகுப்பில் உட்கார முடியாமல் போகலாம். கவுன்டரில் பிரித்தால் கோபப்பட வேண்டாம், இதற்குக் காரணம் காசு இல்லை.

பணம் கட்டுவதே புத்திசாலித்தனம் என்கிற இடங்களும் இருக்கின்றன. பாட்டி தாத்தாவோடு போகிறீர்கள், 13, 14 வயதுப் பெண் பிள்ளை இருக்கிறாள், ராத்திரி விமானம் என்றால், விதி உதவாத இடம் என்பதால் அந்த ஒரு ஜோடி சீட்டுக்கு மட்டும் கட்டலாம். நாலு பேருக்கும் கட்ட வேண்டியதில்லை. பாட்டிக்கு சக்கர நாற்காலி தேவை என்றால் டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிட்டு, கூட வருபவரின் சீட்டைப் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். கட்டுவதற்கு முன் அதே விமானத்தின் அடுத்த கட்டண வகையையும் பாருங்கள். சீட், சாப்பாடு எல்லாம் உள்ளடங்கிய டிக்கெட் சில நாட்களில் 200, 300 ரூபாய் வித்தியாசத்தில் கிடைக்கும். அப்போது தனியாக சீட் வாங்குவதை விட அது மலிவு.

பணம் கட்டிய சீட்டைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டால் என்ன செய்வது? விமானமே மாறி, நீங்கள் வாங்கிய சீட் இல்லாமல் போனால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். பழைய போர்டிங் பாஸ், கட்டண ரசீது, புதிய சீட் எண், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். நீங்களாகவே டிக்கெட்டை ரத்து செய்தால் சீட் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது.

கேட்டும் பிரித்துவிட்டார்கள் என்றால்?

விமானத்தில் சத்தம் போட்டுப் பலன் இல்லை. போர்டிங் பாஸ்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் வயது, பிஎன்ஆர், கவுன்டரில் என்ன பதில் சொன்னார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் குறைதீர்ப்பு அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி ஆகியோரின் விவரம் இருக்கும். பதில் திருப்தி இல்லாவிட்டால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' செயலி அல்லது இணையதளத்தில் புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் சொல்லலாம்.

புகாரில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். பிள்ளையைப் பெற்றோருடன் ஒதுக்கியதற்கான பதிவை வைத்திருக்க வேண்டும் என்று டிஜிசிஏ சொல்லியிருக்கிறது இல்லையா, அந்தப் பதிவு எங்கே என்று கேளுங்கள். அதற்கு மேலும் போக வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே போகலாம்.